டீச்சர் அந்தப் பக்கம் திரும்பியிருக்கும் நேரம்

தொடக்கக் கல்விப் பட்டயப் பயிற்சியில் சேர்ந்த எவரும் தப்ப முடியாத ஒன்று உற்றுநோக்கல் பதிவேடு. எங்களுக்குள் அது 'அப்சர்வேஷன் ரெக்கார்டு'. பாடம் நடத்த அனுமதிக்கும் முன், வகுப்பின் பின்பக்கம் ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, நடப்பதைப் பார்த்து எழுதச் சொல்வார்கள். பாட அறிமுகம் எப்படி இருந்தது, குரலில் ஏற்ற இறக்கம் இருந்ததா, கரும்பலகையை எப்படிப் பயன்படுத்தினார், என்ன துணைக்கருவி, எத்தனை வினா, கடைசியில் தொகுத்துச் சொன்னாரா என்று வரிசையாக எழுத வேண்டும். எல்லாமே ஆசிரியரைப் பற்றியவை. பிள்ளைகளுக்கென்று 'மாணவர் பங்கேற்பு' என ஒரு கட்டம் இருக்கும். அதில் 'நன்று' என்று எழுதிவிட்டு எல்லோரும் அடுத்த பக்கம் போய்விடுவோம்.

குமரி மாவட்டத்தில் கல்குளம், விளவங்கோடு பக்கத்துச் சின்னப் பள்ளிகளில் இப்படி உட்கார்ந்து பார்த்ததில் எனக்குப் பிடிபட்டது வேறு. ஆசிரியர் பாடம் நடத்துவதைப் பார்த்தால் ஆசிரியரைப் பற்றித் தெரியும். வகுப்பறையைப் பற்றித் தெரிய வேண்டுமானால், அவர் வேறொரு கூட்டத்தின் பக்கம் திரும்பியிருக்கும்போது மீதிப் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஒரு பிள்ளையின் பள்ளி நாளில் பெரும்பகுதி அந்த நேரம்தான். இதில் ஆசிரியரின் சோம்பல் எதுவும் இல்லை. அமைப்பே அப்படி.

கணக்கைப் பாருங்கள். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின்படி, ஒன்று முதல் ஐந்து வரையுள்ள வகுப்புகளில் மொத்தம் 60 பிள்ளைகள் வரை இருந்தால் இரண்டு ஆசிரியர்கள். 61 முதல் 90 வரை மூன்று பேர், 120 வரை நான்கு பேர். இந்தக் கணக்கு தலையை எண்ணுகிறது, வகுப்பை எண்ணுவதில்லை. 35 பிள்ளைகள் படிக்கிற பள்ளியிலும் ஐந்து வகுப்புகள் உண்டு. ஆக, ஒன்று முதல் மூன்று வரை ஒரு டீச்சர், நான்கும் ஐந்தும் ஹெச்.எம். என்று பிரித்துக்கொள்வதுதான் பெரும்பாலும் நடக்கிறது. அதே சட்டம் தொடக்க வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரக் கற்பித்தல் என்கிறது. நாளுக்கு நான்கு மணி நேரம். மூன்று வகுப்புகளை வைத்திருக்கும் டீச்சர் அதை ஒரு நிமிடம்கூட வீணாக்காமல் சரிசமமாகப் பங்கிட்டாலும் ஒரு வகுப்புக்கு 80 நிமிடம்தான் வரும். மிச்சம் 160 நிமிடம் அந்தப் பிள்ளைகள் 'தாங்களாகவே' இருக்க வேண்டும். ஏழு வயதில்.

குமரி மாவட்டத்தில் இந்தச் சின்னப் பள்ளிகள் இவ்வளவு நெருக்கமாக இருப்பதற்கு ஒரு வரலாறு உண்டு. லண்டன் மிஷன் போதகர்களில் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு 1806இல் வந்தார். நாகர்கோவிலுக்கு மீட் 1818இல் வந்தார். லண்டன் மிஷன் சபைகள் போன இடமெல்லாம் பள்ளிக்கூடமும் போனது. கடற்கரை ஊர்களில் கத்தோலிக்கப் பங்குகள் தங்கள் கோவில் வளாகத்திலேயே பள்ளி நடத்தின. கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று திருவிதாங்கூர் ராணி கௌரி பார்வதி பாய் பிறப்பித்த ஆணைக்கு 1817 என்று தேதி. 1956 நவம்பர் 1இல் இந்தப் பகுதி தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது, தெருவுக்குத் தெரு இல்லாவிட்டாலும் ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் ஏற்கெனவே இருந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதலிடம், 91 சதவீதத்துக்கு மேல்.

அப்புறம் என்ன ஆனது என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. வீட்டுக்கு ஒன்றோ இரண்டோ பிள்ளைகள். காலையில் குறுக்குச் சந்துவரை வந்து நிற்கும் மஞ்சள் வேன். படித்த பெற்றோர் பிள்ளையை ஆங்கில வழிக்கு அனுப்பத்தான் முதலில் முந்துகிறார்கள். அதிகம் படித்த மாவட்டம் என்ற பெருமையே இங்குள்ள அரசுத் தொடக்கப்பள்ளிகளையும் உதவிபெறும் பள்ளிகளையும் சிறுத்துப்போக வைத்ததில் ஒரு பங்கு வகித்தது என்பது என் கணிப்பு. மிச்சம் இருக்கும் பிள்ளைகள் யார்? ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர், கடலுக்குப் போகிறவர், கொத்தனார், அண்டியாபீஸில், அதாவது முந்திரி ஆலையில், பருப்பு உடைக்கும் அம்மா, இவர்களின் பிள்ளைகள். செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் வந்த வடமாநிலத்தவரின் பிள்ளைகளும் சில பள்ளிகளில் உண்டு.

சரி, அந்த 160 நிமிடத்தில் என்ன நடக்கிறது?

முதலில் எழுத்து. "எடுத்து எழுதுங்க மக்களே" என்று ஒரு கூட்டத்துக்கு வேலை கொடுத்துவிட்டு டீச்சர் அடுத்த கூட்டத்துக்குப் போவார். தூரத்திலிருந்து பார்த்தால் வகுப்பு அருமையாக இருக்கும். குனிந்த தலைகள், ஓடும் பென்சில்கள். பக்கத்தில் போய் உட்கார்ந்தால்தான் கதை தெரியும். 'பறவை' என்ற சொல்லைப் பத்து முறை எழுதச் சொன்னால், சில பிள்ளைகள் முதலில் பக்கம் முழுக்க 'ப' போடுகிறார்கள். பிறகு மேலே போய் வரிசையாக 'ற'. அப்புறம் 'வை'. மேலிருந்து கீழாக. பத்து 'பறவை' தயார், ஆனால் அந்தப் பிள்ளை ஒரு முறைகூட 'பறவை' என்று எழுதவில்லை. நோட்டைத் திருத்தும் டீச்சருக்குக் கிடைப்பது முடிந்த பக்கம் மட்டும்தான். எந்த வரிசையில் எழுதினான் என்பது மையில் தெரியாது. டிக் விழும், 'நன்று' விழும். இந்தப் பிள்ளையை மூன்றாம் வகுப்பில் வாசிக்கச் சொல்லும்போது தடுமாறினால், "எழுத்து நல்லாத்தானே இருக்கு, ஏன் படிக்கத் தெரியல" என்று ஆச்சரியப்படுவோம். கை ஓடுகிறது, கண் எழுத்தின் வடிவத்தைப் பார்க்கிறது. எழுத்துக்கும் ஒலிக்கும் இடையே முடிச்சு விழவே இல்லை.

அடுத்தது, நேரம் கடத்தும் கலை. பென்சில் சீவுதல் இதில் தலையாயது. முனை கூர்மையாக இருக்கும்போதே சீவுவார்கள். குப்பைத் தொட்டி இருக்கும் மூலைவரை நடந்து, அங்கே நிற்கும் இன்னொருவனோடு ஒரு வார்த்தை பேசி, திரும்பி வந்து, ரப்பரைத் தேடுவார்கள். "டீச்சர், இவன் எனக்க ரப்பர எடுத்துட்டான்" என்ற புகார் பெரும்பாலும் ரப்பருக்காக எழுவதில்லை. டீச்சரின் முகம் ஒரு முறை இந்தப் பக்கம் திரும்ப வேண்டும், அவ்வளவுதான். கவனித்துப் பார்த்தால், டீச்சர் ஒரு கூட்டத்தோடு இருக்கத் தொடங்கிச் சிறிது நேரத்தில் மற்ற கூட்டத்திலிருந்து இந்தப் புகார்கள் வரிசையாக வரத் தொடங்கும். குறும்பு என்று எழுதிவைப்பதைவிட, எத்தனை நிமிடம் கழித்து முதல் புகார் வந்தது என்று எழுதிவைத்தால் உபயோகம்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒட்டுக் கேட்டுப் படித்தல். மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும்போது, 'எடுத்து எழுதிக்கொண்டிருக்கும்' ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் உதடு அசையும். மூன்றாம் வகுப்பில் கேட்ட கேள்விக்கு இரண்டாம் வகுப்பு வரிசையிலிருந்து பதில் வரும். டீச்சருக்கு அது இடைஞ்சல், "உன்னையா கேட்டேன்?" என்பார். ஆனால் தனித்தனி அறையில் தனித்தனி வகுப்பாகப் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்த வாய்ப்பே இல்லை. அடுத்த ஆண்டு பாடத்தை ஓராண்டு முன்பே காதில் வாங்கி வைத்திருப்பது சின்னப் பள்ளியின் இலவச வசதி. பாடத்திட்டம் எழுதுபவர் யாரும் இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

கூடவே, குட்டி டீச்சர்கள். வேலையைச் சீக்கிரம் முடித்த பிள்ளை, பெரும்பாலும் ஒரு பெண் பிள்ளை, அடுத்தவர் நோட்டைத் திருத்தப் போய்விடும். குரல், சைகை, விரல் நீட்டும் விதம் எல்லாம் டீச்சரேதான். அவள் சொல்லிக்கொடுத்து இவன் கற்றுக்கொள்வதும் நடக்கிறது, அவள் சொல்லும் விடையை இவன் அப்படியே எழுதிக்கொள்வதும் நடக்கிறது. இரண்டுக்கும் நோட்டில் ஒரே விடைதான் இருக்கும் என்பதுதான் சிக்கல்.

கடைசியாக, எதுவுமே செய்யாத ஒரு பிள்ளை. சத்தம் இல்லை, புகார் இல்லை, கேள்வி இல்லை. ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, டீச்சர் பார்க்கும்போது நோட்டைப் பார்க்கும். அடங்காத பிள்ளையைப் பற்றி ஆசிரியர் அறையில் தினமும் பேச்சு நடக்கும். இந்தப் பிள்ளையின் பெயர் அங்கே வருவதே இல்லை.

இந்தக் காத்திருப்புப் பிரச்சினை கல்வித்துறைக்குத் தெரியாதது இல்லை. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08இல் மாநிலம் முழுக்க வந்த செயல்வழிக் கற்றல், அடிப்படையில் இதற்கான பதில்தான். ஆந்திரத்தின் ரிஷிவேலியில், ஒரே ஆசிரியர் பல வகுப்புகளை நடத்தும் கிராமப் பள்ளிகளுக்காக உருவான முறை அது. பாடத்தைச் சின்னச் சின்ன அட்டைகளாக உடைத்து, ஏணிப்படி ஒன்றில் வரிசைப்படுத்தி, பிள்ளை தன் வேகத்தில் ஏறிப் போகலாம் என்று விட்டார்கள். குழுக்களின் பெயரிலேயே விஷயம் இருந்தது. ஆசிரியர் முழுமையாக உதவும் குழு, ஓரளவு உதவும் குழு, சக மாணவர் உதவும் குழுக்கள், தானாகவே கற்கும் குழு, மதிப்பீட்டுக் குழு. ஆசிரியரால் எல்லோரோடும் ஒரே நேரத்தில் இருக்க முடியாது என்பதை ஒளிக்காமல் ஒத்துக்கொண்ட திட்டம் என்று அதை மதிக்கிறேன். இன்றும் பல பள்ளிச் சுவர்களில் பிள்ளைகளின் உயரத்துக்குத் தீட்டிய கரும்பலகைகள் இருக்கின்றன. தலைக்கு மேலே பிள்ளைகளின் படங்களைத் தொங்கவிட்ட கம்பிப் பந்தல் சில இடங்களில் கம்பி மட்டுமாக நிற்கிறது. அட்டை முறையின் பலவீனம் அட்டையிலேயே இருந்தது. கவனிக்க ஆள் இல்லாதபோது, செய்து பார்க்க வேண்டிய அட்டையையும் பிள்ளை எடுத்து எழுதிவிட்டு அடுத்த படிக்கு ஏறிவிடலாம்.

கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த இடைவெளியை நிரப்ப, 2022 ஜூனில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புவரை எண்ணும் எழுத்தும் வந்தது. அடுத்த கல்வியாண்டில் நான்கு, ஐந்துக்கும் நீண்டது. மூன்று வகுப்புகளையும் ஒன்றாக உட்கார வைத்து, அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கிறார்கள். ஒரு பாட்டு, ஒரு கதை, ஒரு பொம்மலாட்டம் எல்லோருக்கும் பொதுவாக நடக்கும். அதன் பிறகு பயிற்சி நூலில் அவரவர் நிலைக்கு ஏற்ற வேலை. பார்த்தவரை, முதல் பகுதி நன்றாகவே வேலை செய்கிறது. டீச்சர் 'அந்தப் பக்கம்' திரும்ப வேண்டிய தேவையே அந்த அரைமணி நேரம் இல்லை. விரல் பொம்மை பேசும்போது ஜன்னலோரப் பிள்ளைகூட நகர்ந்து முன்னால் வரும். பயிற்சி நூலைத் திறந்ததும் பழைய காத்திருப்பு திரும்பி வந்துவிடுகிறது. இந்த முறை, எழுதி முடித்த நோட்டுக்குப் பதில் நிரப்பி முடித்த பக்கம்.

இந்தப் பின்னணியில்தான் "புரிஞ்சுதா?" என்ற கேள்வியையும் பார்க்க வேண்டும். "புரிஞ்சுது டீச்சர்" என்று கூரை அதிரும். பயிற்சிக் கல்லூரியில் கூட்டு விடையைத் தவிர்க்கச் சொல்வார்கள். வகுப்பில் போய்ப் பார்த்தால் அது எதற்கு இருக்கிறது என்று தெரியும்: மூன்று வகுப்பு டீச்சருக்கு அது ஒரு வேகமான கதவடைப்பு. இந்தக் கூட்டத்தை மூடிவிட்டு அடுத்ததற்குப் போகலாம். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறைப் பேச்சுகளைப் பதிவுசெய்து கேட்டார். கேள்வி கேட்ட பின் ஆசிரியர்கள் விடைக்காகச் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருக்கிறார்கள், அதை மூன்று நொடியாக நீட்டினால் விடைகள் நீளமாகின்றன, வாய் திறக்காத பிள்ளைகள் பேசத் தொடங்குகிறார்கள் என்று கண்டார். எங்களுக்கு இது தேர்வில் வரும் கேள்வி. பிள்ளைகளை மணிக்கணக்கில் காத்திருக்க வைக்கும் அமைப்பில், ஆசிரியருக்கு மட்டும் மூன்று நொடி காத்திருக்க நேரம் கிடைப்பதில்லை என்பது வேடிக்கைதான்.

பதில் வராததற்கு இன்னொரு காரணமும் இந்த மாவட்டத்தில் உண்டு. பாடநூல் தமிழுக்கும் மேற்குக் குமரியின் வீட்டுப் பேச்சுக்கும் தூரம் அதிகம். படத்தில் பலாப்பழத்தைக் காட்டினால் "சக்க" என்றுதான் பிள்ளை சொல்லும். அதை ஏற்றுக்கொண்டு, "சரி, புத்தகத்துல என்ன போட்டிருக்கு பாப்போம்" என்று நகரும் டீச்சரின் வகுப்பில் அடுத்த கை சீக்கிரம் உயர்கிறது. "தப்பு" என்ற வகுப்பில் அந்தப் பிள்ளை அடுத்த முறை பக்கத்துப் பிள்ளையின் வாயைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறது.

வகுப்பறைக்கு வெளியே நடப்பதையும் கொஞ்சம் சேர்க்க வேண்டும், ஏனென்றால் காத்திருப்பைத் தாங்கும் சக்தி அங்கிருந்து வருகிறது. குலசேகரம், திருவட்டாறு பக்கம் ரப்பர் பால்வெட்டு விடியும் முன்பே தொடங்கிவிடும். பிள்ளை எழும்போது அப்பாவும் சில வீடுகளில் அம்மாவும் தோட்டத்தில் இருப்பார்கள். வெறும் வயிற்றோடு வருகிற பிள்ளைக்கு முதல் பாடவேளையில் பொறுமை இருக்காது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் வந்தது. உதவிபெறும் பள்ளிகள் நிறைந்த குமரிக்கு அதைவிட முக்கியமான தேதி 2024 ஜூலை 15. அன்றுதான் ஊரகப் பகுதி உதவிபெறும் பள்ளிகளுக்கும் அது நீண்டது. கிச்சடியோ பொங்கலோ சாப்பிட்டுவிட்டு உட்காரும் பிள்ளைகளின் காலை வேறு மாதிரி இருக்கிறது என்று பழைய ஆசிரியர்கள் சொல்கிறார்கள்.

கடற்கரையில் கணக்கு வேறு. மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. பள்ளி திறக்கும் மாதமும் அப்பா வீட்டில் இருக்கும் மாதமும் ஒன்றாக வருகின்றன. தென்மேற்குப் பருவமழையும் அப்போதுதான். ஓட்டுக் கூரையில் மழை கொட்டும்போது ஆசிரியரின் குரல் மூன்றாம் வரிசையைத் தாண்டாது. அந்த நேரத்தில் அனுபவமுள்ள டீச்சர்கள் பாடத்தை நிறுத்திவிட்டுப் பாட வைத்துவிடுவார்கள். ஆகஸ்டில் படகுகள் போனதும் ஆழ்கடலுக்குச் செல்பவர்கள் வாரக்கணக்கில் திரும்ப மாட்டார்கள். அந்த வாரம் சில பிள்ளைகள் கொஞ்சம் மாறி இருப்பதைத் தேதியோடு சேர்த்துப் பார்த்தால்தான் விளங்கும். உள்ளூர் விடுமுறைகளின் பட்டியலும் இங்கே தனி: நவம்பர் 1, கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழா, மண்டைக்காடு கொடை, சிவராத்திரி. சிவராத்திரியை ஒட்டிப் பன்னிரண்டு சிவன் கோவில்களுக்கு ஓடிப் போகும் சிவாலய ஓட்டத்துக்கு முந்தைய நாளே வருகைப் பதிவு மெலிந்துவிடும்.

இதற்கு மேல் ஒரு சங்கதி, பயிற்சி மாணவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது, எந்தப் பதிவேட்டிலும் இல்லாதது. இரண்டு பேர் உள்ள பள்ளியில் ஒருவர் வட்டார வள மையத்தில் பயிற்சிக்கோ வாக்காளர் பட்டியல் வேலைக்கோ போனால், மிச்சம் ஒருவர். அவரும் கல்வித்துறையின் இணையத் தளமான எமிஸில் வருகையையும் விவரங்களையும் ஏற்றக் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு சிக்னல் தேடி முற்றத்துக்குப் போனால், வகுப்பில் நிற்பது நாங்கள்தான். உற்றுநோக்கல் காலம் அன்றோடு முடிந்தது. கற்பிக்க வாய்ப்பு கிடைத்ததே என்று பலர் மகிழ்கிறார்கள். எனக்கு அதில் வருத்தம்தான். பாடம் நடத்த வாழ்நாள் முழுக்க நேரம் இருக்கிறது. எந்தப் பொறுப்பும் இல்லாமல் ஒரு வகுப்பை வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கும் வசதி இந்தச் சில வாரங்களில் மட்டும்தான் கிடைக்கும். அமெரிக்கச் சமூகவியலாளர் டான் லார்ட்டி 1975இல் ஒன்றைச் சுட்டிக்காட்டினார். ஆசிரியராக வருகிற ஒவ்வொருவரும் ஏற்கெனவே பள்ளி மாணவராக ஆயிரக்கணக்கான மணி நேரம் ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறார்கள். அதனால் இந்தத் தொழில் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவர்கள் பார்த்ததோ மாணவர் இருக்கையிலிருந்து தெரிந்த பகுதி மட்டும்.

பதிவேட்டின் கட்டங்களை மாற்ற எங்களால் முடியாது. அவற்றை நிரப்பித்தான் ஆக வேண்டும், ஹெச்.எம். கையெழுத்து வாங்கித்தான் ஆக வேண்டும். ஆனால் பின் அட்டைக்கு முன்னால் நான்கைந்து வெற்றுப் பக்கங்கள் எப்போதும் இருக்கும். அவற்றில் இதைச் செய்து பார்க்கலாம். ஒரு பாடவேளைக்கு ஒரே ஒரு பிள்ளை. இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை அந்தப் பிள்ளை என்ன செய்கிறது என்று ஒரு வரி. 'கவனிக்கவில்லை' என்று எழுதக் கூடாது. 'நான்காம் வகுப்புப் பக்கம் பார்த்தான்', 'நோட்டில் கோடு போட்டான்', 'பக்கத்தில் கேட்டு எழுதினான்' என்று கண்ட செயலை எழுத வேண்டும். நாற்பது நிமிடத்தில் இருபது வரி சேரும். டீச்சர் அவனிடம் பேசிய வரிகளின் கீழே கோடு போட்டால், எத்தனை வரி கோடில்லாமல் நிற்கிறது என்று தெரியும். சுறுசுறுப்பான பிள்ளையை ஒரு நாள், ஜன்னலோரப் பிள்ளையை ஒரு நாள் எடுத்துக்கொண்டால் ஒப்பிடலாம். எடுத்து எழுதிய பக்கத்தில் ஏதாவது ஒரு சொல்லில் விரல் வைத்து, "இது என்ன மக்களே?" என்று இடைவேளையில் மெதுவாகக் கேட்டும் பார்க்கலாம்.

இன்னொன்று, நாற்காலி. பின்பக்கம் உட்கார வைப்பது மரியாதைக்காக. அங்கிருந்து டீச்சரின் முகமும் பிள்ளைகளின் முதுகும்தான் தெரியும். பதிவேடு ஆசிரியரைப் பற்றியே இருப்பதில் இந்த நாற்காலிக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். டீச்சரிடம் கேட்டுக்கொண்டு, பக்கச் சுவர் ஓரமாகப் பாயில், பிள்ளைகளின் உயரத்தில் உட்கார்ந்தால் முகங்கள் தெரியும். முதல் இரண்டு நாள் அவர்கள் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். "சேச்சி, நீங்க எந்த ஊரு?" என்று கேட்பார்கள், உங்கள் பேனாவை வாங்கிப் பார்ப்பார்கள். அந்த நாள்களில் எழுதியது எதற்கும் உதவாது. அவர்களுக்கு உங்கள்மேல் சலிப்பு வந்த பிறகு தொடங்குங்கள்.